மேசை இழுப்பறையில் உறங்கும் பேட்ஜ்



வாப்பாவுக்கோ பெரியவாப்பாவுக்கோ ஆஞ்சியோ செய்யப்படாத குடும்பம் இன்று அரிதாகிவிட்டது. துஆச் செய்தபடி நாம் அறைவாசலில் காத்திருக்கின்றோம். கதவு திறக்கும்போதெல்லாம் கனத்த மேலங்கி அணிந்த நர்ஸும் டெக்னீஷியனும் கண்ணில் படுகின்றனர். நோயாளி ஆயுளில் ஓரிரு முறை அந்த மேசையில் படுப்பவர். இவர்களோ நாள்தோறும் அதனருகே நிற்பவர்கள். இவர்கள்மீது படும் கதிரை யார் கணக்கெடுக்கின்றார்கள் என்று என்றேனும் எண்ணியதுண்டா?

சாதாரண எக்ஸ்ரே எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் சென்று விசையை அழுத்துகின்றார். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆஞ்சியோபிளாஸ்டி அத்தகையதன்று. மெல்லிய குழாய் இரத்த நாளத்தினுள் செல்வதைத் திரையில் பார்த்துக்கொண்டேதான் மருத்துவர் அதனைச் செலுத்த முடியும். அவர் காலால் மிதியை அழுத்தும் நேரமெல்லாம் கதிர் பாய்கின்றது. அது நோயாளியின் உடலில் பட்டு நாற்புறமும் சிதறுகின்றது. அருகில் நிற்போர் பெறுவது பெரும்பாலும் இந்தச் சிதறிய கதிரையே. ஆகவேதான் இரண்டடி பின்னால் நகர்வதுகூடப் பெரும் பாதுகாப்பாகின்றது. தூரம் இருமடங்கானால் கதிரின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

இந்த அறிவு எளிதில் கிட்டியதன்று. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, தம் கையையே கதிரில் வைத்து வைத்துச் சோதித்தார். கைகள் புண்ணாகி, வெட்டி அகற்றப்பட்டும் பயனின்றி 1904-இல் மாண்டார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். கதிரால் உயிர்நீத்த மருத்துவத் துறையினருக்காக 1936-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அன்றே அதில் 169 பெயர்கள்!

அந்நாளில் தோல் சிவப்பதுதான் அளவுகோல். இன்று நம் நாட்டில் டி.எல்.டி. பேட்ஜ் இருக்கின்றது. தீப்பெட்டியினும் சற்றே பெரிய ஓர் உறை; அதனுள் மூன்று சிறு வில்லைகள். படும் கதிரின் ஆற்றலை அவை தம்முள் சேமித்துக்கொள்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் சூடேற்றினால் அந்த ஆற்றல் ஒளியாக வெளிப்படும். ஒளியின் அளவே கதிரின் அளவு. ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மிகலாகாது என்பது நம் நாட்டு வரம்பு.

ஏற்பாடு நன்று, அணிந்தால்தானே? வருந்தத்தக்க நடைமுறை என்னவெனில், பல பேட்ஜ்கள் மேசை இழுப்பறையில் உறங்குகின்றன. சிலருக்கு அலட்சியம். சிலருக்கோ, அளவு மிகுந்தால் விசாரணை வரும், சிலகாலம் அப்பணியிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்ற அச்சம். இழுப்பறைக்குள் கதிர் இல்லை. எனவே அறிக்கையில் அளவும் இல்லை. மாறாக, மேலங்கியோடு சேர்த்துக் கதிரறையிலேயே தொங்கவிட்டுச் செல்வோரும் உண்டு. அப்போது எவர் உடலிலும் படாத கதிர் அவர் பெயரில் ஏறிவிடும். இரண்டுமே பொய்க் கணக்குத்தான். முன்னதே கொடியது என்பேன். அதை எவரும் சந்தேகிப்பதில்லை.

ஒழுங்காக அணிந்தாலும் ஒரு நுட்பம் உண்டு. பேட்ஜை ஈய மேலங்கிக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டும். உடற்பகுதி பெறும் அளவை அது சரியாகவே சொல்லும். ஆனால் கண்ணும் கையும் அங்கிக்கு வெளியே அல்லவா இருக்கின்றன? இத்துறை மருத்துவர்களிடமும் நர்ஸுகளிடமும் கண்வில்லையின் பின்புறம் மங்கல் தோன்றுவதை ஆய்வாளர்கள் கண்டனர். கண்ணுக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் என்றிருந்த வரம்பை 2011-இல் சர்வதேசக் கதிரியல் பாதுகாப்புக் குழு 20 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. எனவே கழுத்துப்பட்டைக்கு அருகே, அங்கிக்கு வெளியே, இரண்டாவது பேட்ஜ் ஒன்றும் வேண்டும் என்கின்றனர். ஈயக் கண்ணாடியும், கூரையிலிருந்து தொங்கும் ஈயத் தடுப்பும் கண்ணைக் காப்பவை. தடுப்பு இருந்தும் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலை செய்யும் அவசரத்தை என்னென்பது!

நம் பிள்ளைகள் பலர் இன்று நர்ஸிங்கும் ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பும் முடித்துப் பணியில் சேர்கின்றனர். வீட்டுக்கு வரும் மகளிடம் சம்பளத்தைக் கேட்கும் நாம், பேட்ஜ் அவள் பெயரில் வந்துவிட்டதா, சென்ற மூன்று மாத அறிக்கையைப் பார்த்தாளா என்றும் கேட்கலாம். அறிக்கை நிறுவனத்தின் கோப்பில் கிடக்கும். கேட்டுப் பார்ப்பது அவளுடைய உரிமை. வேலை மாறினால் பழைய இடத்து அளவு விவரத்தைப் புதிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும். கருவுற்றிருப்பது தெரிந்தவுடன் கூச்சப்படாமல் பொறுப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். அன்றிலிருந்து பிரசவம் வரை கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட் மட்டுமே; அவள் சொன்னால்தான் அதற்கேற்பப் பணியை மாற்றித் தர அவர்களால் இயலும்.