மூன்றாம் நாள் பரணில் ஏறிய ஸ்டீயரிங்



இந்த வாரம் உங்களிடம் ஒரு பையனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம், அவனே வெட்கப்படுவான். ஏழாம் வகுப்பு படிக்கிறான். எனக்குத் தெரிந்த குடும்பம்.

கார் ரேஸ் வீடியோ கேம் என்றால் அவனுக்கு உயிர். ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தால் தெருவிலேயே அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. அவனுடைய ஆர்வத்தைப் பார்த்த சித்தப்பா, யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற ஒரு ஸ்டீயரிங் செட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்தார். நிஜக் காரில் இருப்பது போலவே வட்டமான ஸ்டீயரிங்; காலடியில் வைத்துக்கொள்ள ஆக்சிலேட்டர், பிரேக் பெடல்கள். பையனுக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கிற மேஜையில் அதைப் பொருத்திவிட்டு, தெருப் பையன்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டான்.

ஆட்டம் ஆரம்பமானது. முதல் வளைவிலேயே கார் புல்தரையில் போய் நின்றது. இரண்டாவது தடவை சுவரில் மோதியது. மூன்றாவது தடவை பிரேக்கை ஓங்கி மிதித்தான். அவன் உட்கார்ந்திருந்தது சக்கரம் வைத்த நாற்காலி. திரையில் கார் முன்னால் போக, நாற்காலி பின்னால் போனது! வீடே சிரித்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் தங்கை, பழைய ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவனைத் தோற்கடித்தாள். "என்னடா, இவ்வளவு நாளா ஓட்டினது நீதானா?" என்று ஒரு நண்பன் கேட்டான்.

மூன்றாம் நாள் அந்த ஸ்டீயரிங், அட்டைப் பெட்டியோடு பரணில் ஏறிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "மெஷின் சரியில்லை" என்றான்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. பையனிடமும் குறை ஒன்றும் இல்லை. அப்படியானால் என்னதான் நடந்தது?

ஜாய்ஸ்டிக்கில் கட்டைவிரல் நகரும் தூரம் மிகக் கொஞ்சம்தான். அந்தச் சின்ன அசைவை வைத்துக்கொண்டு வேகமாகப் போகும் காரைத் திருப்புவது கஷ்டம். அதனால் பெரும்பாலான ஆட்டங்களில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உதவி இருக்கிறது. நீங்கள் விரலை ஓரம் வரை தள்ளினாலும், வேகத்துக்குத் தகுந்தபடி சக்கரத்தை அது மெதுவாகத்தான் திருப்பும். விரலை எடுத்தால் தானே நேராக்கிவிடும்.

ஸ்டீயரிங்கில் இந்த உதவி மிகவும் குறைந்துவிடும். இன்றைய ஸ்டீயரிங்குகள் பல 900 டிகிரி சுற்றும். அதாவது, இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு இரண்டரைச் சுற்று! கை எவ்வளவு திருப்புகிறதோ, கார் அவ்வளவு திரும்பும். விரல் பழக்கத்தில் 'டக் டக்' என்று வெட்டி வெட்டித் திருப்பினால், கார் பாம்பு போல நெளியும்.

இன்னொன்றும் உண்டு. பல ஸ்டீயரிங்குகளின் உள்ளே ஒரு மோட்டார் இருக்கிறது. வளைவில் அது கையை எதிர்த்து இழுக்கும். முன் டயர்கள் பிடிமானத்தை இழந்து வழுக்கினால், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். "தம்பி, டயர் வழுக்குது, கொஞ்சம் வேகத்தைக் குறை" என்று கார் சொல்கிற பாஷை அது. ஆனால் புதிதாகப் பிடிப்பவருக்கு அது பாஷையாகத் தெரியாது, சண்டையாகத்தான் தெரியும். நம் பையனும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தான். இறுக்கிப் பிடித்த கைக்கு அந்தச் சின்னச் சின்ன அசைவுகள் எப்படித் தெரியும்?

அவனுடைய உண்மையான கஷ்டம் என்ன தெரியுமா? எந்த வளைவு எங்கே வரும், எங்கே பிரேக் போட வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கண்ணுக்கும் மூளைக்கும் எல்லாம் தெரிகிறது. கைக்கும் காலுக்கும் மட்டும் தெரியவில்லை. ஒன்றுமே தெரியாதவன் தோற்றால் சிரித்துக்கொண்டே மறுபடியும் ஆடுவான். தெரிந்தவன் தோற்றால்தான் வலிக்கும். நன்றாக ஆடத் தெரிந்ததே அவனுக்குப் பாரமாகிவிட்டது.

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1967-ல் ஒரு விஷயத்தை விளக்கினார்கள். எந்தத் திறமையும் மூன்று படிகளில் வருகிறதாம். முதல் படியில் ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்கிறோம். இரண்டாவது படியில் தவறுகள் குறைகின்றன. மூன்றாவது படியில் யோசிக்காமலே கை செய்கிறது. ஜாய்ஸ்டிக்கில் மூன்றாவது படியில் இருந்த பையன், ஸ்டீயரிங்கைத் தொட்டதும் முதல் படிக்கு வந்துவிட்டான். அது தோல்வி இல்லை, செல்லங்களே. புது மாடிக்குப் போக வேண்டும் என்றால் புதுப் படிக்கட்டின் முதல் படியில்தான் கால் வைக்க வேண்டும்.

உங்கள் தாத்தாவிடம் 'குரங்குப் பெடல்' பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் சின்னப் பையன்களுக்குச் சின்ன சைக்கிள் ஏது? அப்பாவின் பெரிய சைக்கிளில் சீட்டு எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை வளைத்துக்கொண்டு மிதிப்பார்கள். அதில் பறந்த பையன்கள்கூட, கொஞ்சம் வளர்ந்து சீட்டில் ஏறி உட்கார்ந்த அன்று தடுமாறித்தான் போனார்கள். அதற்காக, "குரங்குப் பெடலே போதும்" என்று யாராவது இருந்துவிட்டார்களா?

அமெரிக்காவில் டெஸ்டின் சாண்ட்லின் என்று ஒரு பொறியாளர். அவருக்கு ஒரு விசித்திரமான சைக்கிள் கிடைத்தது. ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினால் சக்கரம் வலது பக்கம் திரும்பும்! அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனாலும் இதில் சில அடிகூடப் போக முடியவில்லை. தினமும் கொஞ்ச நேரம் பழகினார். கைகூடி வர சுமார் 8 மாதம் ஆனது! அவருடைய சின்ன மகனும் அதே மாதிரி ஒரு சைக்கிளில் பழகினான். அவனுக்கு எவ்வளவு நாள் தெரியுமா? இரண்டே வாரம்! இதை 2015-ல் அவர் வீடியோவாக வெளியிட்டார். அப்பாவுக்கு 8 மாதம் எடுத்ததை மகன் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டான். புதிய பழக்கம் ஒட்டிக்கொள்ளும் வயது உங்கள் வயது. இதை வைத்துக்கொண்டு மூன்றே நாளில் பரணில் ஏற்றலாமா?

சரி, ஸ்டீயரிங் வீட்டில் இருக்கிறது, பழக ஆசையும் இருக்கிறது என்றால், சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலில் நாற்காலி. சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். பெடல்களும் நகரக் கூடாது. அவற்றைச் சுவரை ஒட்டி வையுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டு, 9 மணியில் இடது கையும் 3 மணியில் வலது கையும் இருக்கட்டும். பிடி தளர்வாக இருக்கட்டும். மோட்டாரின் இழுவை அதிகமாகத் தெரிந்தால் செட்டிங்கில் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு செட்டிங்கை மாற்றாதீர்கள். தினமும் மாறுகிற ஒன்றைக் கை எப்படிக் கற்றுக்கொள்ளும்?

பந்தயக் காரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இருப்பதிலேயே மெதுவான காரை எடுங்கள். ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். பத்துச் சுற்று எங்கும் மோதாமல், புல்லில் இறங்காமல் வர வேண்டும். அதுதான் முதல் பரீட்சை. நேரத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். வளைவுக்கு முன்னால், பாதை நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு முடித்துவிட்டு, பிறகு திருப்புங்கள். கண் காரின் மூக்கைப் பார்க்கக் கூடாது. வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற இடத்துக்குக் கை தானாக வரும்.

அரை மணி நேரம் ஆனதும் நிறுத்திவிடுங்கள். வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள். பகலில் பழகியது தூக்கத்தில் மூளையில் படிகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நள்ளிரவு வரை ஆடுகிறவர் தன் பயிற்சிக்குத் தானே குழி பறிக்கிறார்.

"வீடியோ கேமுக்கு இவ்வளவு பாடமா?" என்று உங்கள் அம்மா கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஸ்டீயரிங் வாங்கித் தரச் சொல்லி யாரும் அடம்பிடிக்க வேண்டாம். விலை அதிகமான பொருள் அது. ஜாய்ஸ்டிக்கில் ஆடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பையனுக்கு நடந்தது வீடியோ கேமில் மட்டும் நடப்பதில்லையே!

கிராமத்துப் பள்ளியில் முதல் மார்க் வாங்கிய மாணவி, டவுன் பள்ளியில் சேர்ந்ததும் முதல் பரீட்சையில் இருபதாவது இடத்துக்குப் போகிறாள். தமிழ் வழியில் கணக்கில் சூரனாக இருந்தவன், ஆங்கில வழிக்கு மாறியதும் கேள்வியே புரியாமல் விழிக்கிறான். அவர்களுக்குத் தெரிந்தது எதுவும் தொலைந்து போகவில்லை. கை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில், "எனக்கு மூளை இல்லை" என்று முடிவு கட்டிவிட்டால், பரணில் ஏறுவது ஸ்டீயரிங் அல்ல. ஒரு குழந்தையின் படிப்பே ஏறிவிடும்.

சோனி நிறுவனமும் நிஸான் கார் நிறுவனமும் சேர்ந்து 'ஜிடி அகாடமி' என்று ஒரு போட்டியை 2008 முதல் 2016 வரை நடத்தின. 'கிரான் டூரிஸ்மோ' என்ற வீடியோ கேமில் சிறந்தவர்களைத் தேடிப் பிடித்து, நிஜப் பந்தய வீரர்களாக ஆக்கும் போட்டி. முதல் போட்டியில் வென்ற ஸ்பெயின் நாட்டு லூகாஸ் ஆர்டோனெஸ், 2011-ல் பிரான்சின் புகழ்பெற்ற லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில், தன் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் இருந்தார். 2011-ல் வென்ற பிரிட்டன் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013-ல் அதே பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் இருந்தார். ஆனால் இருவரையும் வீடியோ கேமில் வென்ற கையோடு பந்தயத்துக்குள் தள்ளிவிடவில்லை. முதலில் பயிற்சி கொடுத்தார்கள். வெற்றி பெற்றவர்களும் நிஜக் காருக்கு வந்தபோது மறுபடியும் மாணவர்களாக உட்கார வேண்டியிருந்தது.

அதனால் ஓர் எச்சரிக்கை. திரையில் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று அப்பாவின் கார் சாவியைத் தொடாதீர்கள். திரையில் மோதினால் மறுபடியும் தொடங்கலாம், தெருவில் முடியாது. நம் நாட்டில் கார் ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். சிறுவர்கள் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

சிரித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் விளையாட்டாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பும் சேர்ந்துதான் பெட்டியைப் பரணில் ஏற்றியது. புதிதாக ஒன்றைப் பழகுகிறவர் பக்கத்தில் இருக்கும்போது, நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வதும் ஓர் உதவிதான்.

பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? பெட்டியை இறக்கிவிட்டான்! கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான காரில், தினமும் அரை மணி நேரம். பதினைந்து நாள் கழித்து என்னிடம் ஓடி வந்தான். "அங்கிள்! வளைவுல ஸ்டீயரிங் லேசாச்சு. நான் யோசிக்கவே இல்ல... கையே சரி பண்ணிடுச்சு!" என்றான்.

"தங்கையை ஜெயிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. அவதான் ஜெயிக்கிறா" என்றான், சிரித்துக்கொண்டே.

தோற்றதைச் சிரித்துக்கொண்டே சொல்லக் கற்றுக்கொண்டான் பாருங்கள்... இனி அவன் எதையும் பரணில் ஏற்றமாட்டான். உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது? பாதியில் விட்ட புல்லாங்குழலா, இந்திப் புத்தகமா, செஸ் போர்டா? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கீழே இறக்குங்களேன்!

அன்புடன்,
ஆசிரியர்