வெள்ளம் போட்ட சைக்கிள் பாதை

பாலைவனத்து ஊர் என்றதும் உங்கள் மனக்கண் முன்னே என்ன வந்து நிற்கிறது? மணல் மேடு, ஒட்டகம், ஈச்சமரம், இவைதானே? வெள்ளம் என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டீர்கள். "பாலைவனத்திலே வெள்ளமா? நல்ல வேடிக்கை!" என்று சிரிப்பீர்கள்.

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்தில் டூஸான் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸோனோரா பாலைவனத்தின் நடுவே, நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊர். 1775-ல் ஸ்பெயின் தேசத்தார் அங்கே ஒரு கோட்டையை நிறுவினார்கள். இன்று அது பெரிய நகரம். அங்கே வெள்ளம் வருவது உண்டு. அது மட்டுமல்ல, அந்த வெள்ளத்தின் புண்ணியத்தில்தான் அந்த ஊர்ப் பெண்களும் குழந்தைகளும் பாட்டிமார்களும் பயமில்லாமல் சைக்கிள் விடுகிறார்கள்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். விவரமாகச் சொல்கிறேன்.

டூஸானில் வருஷம் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 12 அங்குல மழைதான். ரில்லிட்டோ, ஸான்டா குரூஸ் என்று ஆறுகளுக்கு அழகான பெயர்கள் உண்டு, தண்ணீர்தான் இல்லை. வருஷத்தில் பெரும்பாலான நாள் அவற்றின் படுகையில் பெரும்பகுதி வெறும் மணல். ஆனால் மழை என்று வந்துவிட்டால், அடேயப்பா! ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் வரை வானம் பளிச்சென்று இருக்கும். திடீரென்று மலைமேல் மேகம் திரளும், இடி முழங்கும், சிறிது நேரத்தில் காய்ந்து கிடந்த மணலாற்றில் செங்காவி நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடும்.

1983 அக்டோபரில் ஒரு புயலின் மிச்சம் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. மழை நாள்கணக்கில் பெய்தது. ஆறுகள் கரையை உடைத்ததை விடக் கரையை அரித்ததுதான் பெரிய சேதம். மண்கரை கட்டி கட்டியாக இடிந்து விழ, அதன் மேல் இருந்த வீடுகளும் கூடவே விழுந்தன. பாலங்கள் அறுந்தன.

அதன் பிறகு பீமா ஜில்லா நிர்வாகத்தார் விழித்துக்கொண்டார்கள். ஆற்று மண்ணையே சிமெண்டுடன் கலந்து, அடுக்கடுக்காக இறுக்கி, ஆறுகளின் இரு மருங்கிலும் உறுதியான கரைகளைக் கட்டினார்கள். கரையைக் கட்டினால் மட்டும் போதுமா? பழுது பார்க்க ஆட்களும் வண்டிகளும் போய்வர மேலே பாதை வேண்டாமா? பாதையும் விட்டார்கள். "பாதை சும்மாத்தானே கிடக்கிறது, ஜனங்கள் நடக்கட்டும், சைக்கிளில் போகட்டும்" என்ற யோசனை அப்புறம் வந்தது. பாதையைச் செப்பனிட்டு, மரம் நட்டு, குடிதண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் வைத்தார்கள். ஓர் ஆற்றங்கரைப் பாதையை இன்னொன்றோடு இணைத்தார்கள். இன்று அது 130 மைலுக்கும் மேல் நீளுகிறது. 'லூப்' என்பது அதன் பெயர்; சுற்றுப்பாதை என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

இதில் உள்ள பெரிய சௌகரியம் என்ன தெரியுமா? கார், லாரி, மோட்டார் சைக்கிள் எதுவும் அதில் வர முடியாது. பெரிய சாலை குறுக்கிட்டால் பாதை பெரும்பாலும் பாலத்தின் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். மேலே கார்கள் பறக்கும். கீழே ஒரு தாயும் அவளுடைய ஆறு வயதுப் பெண்ணும் பேசிக்கொண்டே சைக்கிள் விடலாம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்க வேண்டும். மழை வந்தால் அந்தப் பாலத்தடியில்தான் முதலில் தண்ணீர் நிற்கும். "கொஞ்சம்தானே இருக்கிறது, கடந்துவிடலாம்" என்று இறங்கக் கூடாது.

கார் இல்லாத பாதை என்பது சாமானிய விஷயமா? அரிஸோனா சட்டப்படி, சைக்கிளைத் தாண்டும் மோட்டார்க்காரர்கள் குறைந்தது 3 அடியாவது விலகிப் போக வேண்டும். சட்டம் இருக்கிறது, ஆனால் சாலையில் எல்லோரும் அளவுகோலை வைத்துக்கொண்டா போகிறார்கள்? இந்தச் சுற்றுப்பாதை உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர் சக் ஹக்கல்பரி. நெடுங்காலம் அந்த ஜில்லாவின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். பாதைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அவருக்கும் சைக்கிள் என்றால் உயிர். 2021 அக்டோபரில் நகரத்தின் நடுவே ஒரு வீதியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு கார் மோதி அவர் படுகாயம் அடைந்தார். தெய்வாதீனமாக உயிர் பிழைத்தார். கார் வராத பாதையை ஊருக்கெல்லாம் அமைத்துக் கொடுத்த மனிதருக்குக் கார் ஓடும் வீதியில் அடிபட்டது என்றால், அந்தப் பாதையின் அருமையை வேறு யார் வந்து விளக்க வேண்டும்?

சரி, இன்னொரு வழியைப் பார்ப்போம். ஊரின் கிழக்கே ஸவாரோ தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள்ளே 8 மைல் நீளத்துக்கு ஒரு தார்ச்சாலை வளைந்து வளைந்து போகிறது. இங்கே கார்களும் வரும். ஆனால் பெரும்பகுதி ஒருவழிப் பாதை, எல்லாரும் மெதுவாகத்தான் போக வேண்டும். ஏற்ற இறக்கம் அதிகம். நுழைந்த சிறிது தூரத்திலேயே செங்குத்தான இறக்கமும் வளைவும் இருப்பதால், பிரேக்கில் கை இருக்கட்டும்.

ஸவாரோ என்பது கை தூக்கி நிற்கும் மனிதனைப் போன்ற ராட்சசக் கள்ளி. 40 அடி உயரம்கூட வளரும். ஆனால் என்ன நிதானம்! முதல் எட்டு வருஷத்தில் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோதான். பக்கவாட்டில் ஒரு கை முளைப்பதற்கு 50, 70 வருஷம் ஆகும். சின்னஞ்சிறு கள்ளி வெயிலில் தானாகப் பிழைக்காது. ஏதாவது ஒரு மரத்தின் நிழலில் ஒண்டிக்கொண்டுதான் வளரும். அப்படி நிழல் தரும் மரத்தை அந்த ஊரில் 'தாதி மரம்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். அவற்றில் ஒன்றான மெஸ்கீட், நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

மூன்றாவது வழி மலை வழி. ஊருக்கு வடகிழக்கே ஸான்டா கேட்டலீனா மலைத் தொடர். அதன் உச்சிக்கு லெமன் சிகரம் என்று பெயர்; உயரம் 9,150 அடிக்கு மேல். எலுமிச்சம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸாரா லெமன் என்ற அம்மாளின் பெயர் அது. தாவர சாஸ்திரத்தில் கணவன், மனைவி இருவருக்கும் ஈடுபாடு. 1880-ல் கல்யாணம், மறு வருஷம் தேனிலவு என்று சொல்லிக்கொண்டு வந்தது இந்தப் பாலைவனத்துக்கு, செடி சேகரிக்க! ஸாராவுக்கு அப்போது வயது 44. தெற்குப் பக்கமாக ஏறிப் பார்த்தார்கள், முடியவில்லை. திரும்பிப் போனார்களா? இல்லை. மலையைச் சுற்றிக்கொண்டு வடக்குப் பக்கம் போய், ஸ்ட்ராட்டன் என்ற பண்ணைக்காரரின் துணையோடு குதிரைகளில் ஏறி உச்சியை அடைந்தார்கள். அந்த அம்மாளின் துணிச்சலைக் கண்டுதான் சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார் பண்ணைக்காரர்.

இன்று ஸாராவுக்கு முடியாமல் போன தெற்குப் பக்கத்திலேயே அருமையான சாலை இருக்கிறது. அதைப் போட்டவர்கள் கைதிகள். 1933-ல் தொடங்கி 1950 வரை, 8,000-க்கும் மேற்பட்ட கைதிகள் பாறையை உடைத்தார்கள். அவர்களில் ஒருவர் கார்டன் ஹிரபயாஷி என்ற கல்லூரி மாணவர். அமெரிக்காவிலேயே பிறந்தவர், ஜப்பானிய வம்சம். யுத்த காலத்தில், 1942-ல், அந்த வம்சத்தார் இரவில் வெளியே வரக்கூடாது, வீட்டை விட்டு முகாமுக்குப் போக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. "இது நியாயமல்ல" என்று அவர் கீழ்ப்படிய மறுத்தார். 1943-ல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. தண்டனையை அனுபவிக்க இந்த மலை முகாமுக்கு அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்றா சொன்னேன்? பயணச் செலவைச் சர்க்கார் கொடுக்கவில்லை. வழியில் போகிற வண்டிகளைக் கேட்டுக் கேட்டு ஏறி, தாமாகவே வந்து சேர்ந்தார். வந்தால், "உன் காகிதம் எதுவும் இங்கே இல்லையே, ஒரு சினிமா பார்த்துவிட்டு வா" என்றார்களாம்! 1987-ல் வேறொரு நீதிமன்றம் அந்தத் தண்டனை தவறு என்று ரத்துச் செய்தது. 1999-ல் முகாம் இருந்த இடத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். மலையேறும் சைக்கிள்காரர்கள் அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்துதான் போகிறார்கள்.

அடிவாரத்திலிருந்து ஸம்மர்ஹேவன் என்ற மலைக் கிராமம் ஏறத்தாழ 25 மைல். கீழே கள்ளி, மேலே போகப் போகக் கருவாலி மரம், இன்னும் மேலே பைன் காடு. கீழே உடம்பு எரியும். உச்சியில் 20, 30 டிகிரி குறைந்து குளிரும். பாதி வழியில் 'காற்று முனை' என்ற இடம். கீழே ஊர் முழுவதும் கோலம் போட்டாற்போல் தெரியும். ஏறுவது கால்களின் வேலை. இறங்குவது புத்தியின் வேலை. வளைவுகளில் கார்கள் வரும். வியர்த்த உடம்போடு வேகமாக இறங்கினால் நடுக்கம் கண்டுவிடும். பையில் ஒரு காற்றுச் சட்டை அவசியம்.

எந்த வழியானாலும் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, நேரம். ஜூன் மாதத்தில் அங்கே 100 டிகிரி சர்வ சாதாரணம். காலை ஏழு மணிக்கு நாம் காப்பி குடித்துக்கொண்டிருப்போமே, அப்போது அங்கே சவாரியை முடித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை சுகமான காலம். 1983-ல் தொடங்கிய 'எல் டூர்' என்ற பெரிய சைக்கிள் விழாவும் நவம்பரில்தான் நடக்கிறது.

இரண்டாவது, தண்ணீர். வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று தோன்றும். அதுதான் ஆபத்து. வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வேண்டியிருக்கும். தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். கொஞ்சம் உப்பும் உள்ளே போக வேண்டும். மலைப் பாதையில் குழாயை நம்பிப் புறப்படக் கூடாது. கையிலிருந்த தண்ணீரில் பாதி தீர்ந்துவிட்டதா? எவ்வளவு தூரம் மீதி இருந்தாலும் சரி, திரும்பிவிடுங்கள்.

மூன்றாவது, முள். அந்த ஊர்ச் சைக்கிள்காரர்களின் பரம எதிரி எது தெரியுமா? நம் வயல்வரப்பில் காலைக் குத்துமே, அதே நெருஞ்சி! கண்டம் தாண்டிப் போய் அங்கேயும் டயரைக் குத்துகிறது. ஆகையால் மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் கூடவே இருக்கட்டும்.

உங்கள் மகளோ பேரனோ டூஸானில் படித்துக்கொண்டிருந்து, "அம்மா, ஒரு சைக்கிள் வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். "வாங்கிக்கொள். முதலில் ஆற்றங்கரைப் பாதை. பழகிய பிறகு கள்ளிக் காடு. கால் வலுத்த பிறகு மலை. தலைக்கவசம் இல்லாமல் வாசற்படி தாண்டாதே. விடிவதற்குள் புறப்படு, முன்னும் பின்னும் விளக்கு எரியட்டும்" என்று எழுதுங்கள். முக்கியமாக, இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டாயா என்று கேளுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே எடுத்துப் போவார்கள்.