என் தாயார் உங்கள் கணக்கில் ஒரு நோயாளி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

பெயரையும் பதவியையும் குறிப்பிடாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும். நான் முதல் மனு அனுப்பிய நாளிலிருந்து உங்கள் நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். அதனால் ஆளுக்கு எழுதாமல் நாற்காலிக்கு எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவக் கல்லூரி ஒதுக்கிக் கொடுக்கும் நாற்காலி என்றால் உங்களுக்கே விளங்கும்.

நான் அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தில் ரேஷன் கடை விற்பனையாளராக இருந்தவன். போன ஜூனில் ஓய்வு. பணியில் இருந்தவரை எழுதியவை நான்கு மனுக்கள். ஒன்று திங்கட்கிழமை மனு, இரண்டு பதிவுத் தபால், ஒன்று நேரில். இனி யாரும் மெமோ கொடுக்க முடியாது என்பதால் இது மடல்.

எங்கள் கடைக்குட்டி மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவள் முறை வந்தபோது அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் கைநழுவிப் போயிருந்தன. சென்னையில் 1953லிருந்து இருக்கும் கல்லூரி, சிதம்பரம், 2023இல் திறந்த புதுக்கோட்டை. தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களுக்கு மிஞ்சியவை இரண்டு தனியார் கல்லூரிகள். ஒன்று இது, இல்லாவிட்டால் அது. பெயர் சொல்லப் போவதில்லை. இரண்டுமே அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீணாக யார்மீதும் சந்தேகம் விழ வேண்டாம்.

கட்டணக் கவலை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 2020இல் அந்த ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டு, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் இடத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அரசு கட்டும் அந்தப் பணத்துக்குக் கல்லூரி என்ன தருகிறது என்று எங்கே போய்ப் பார்ப்பது? நீங்கள் தந்த பட்டியலில் கல்லூரியின் எண், பெயர், ஊர், காலியிடம் எல்லாம் இருந்தது. கத்திரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஜாதி நாங்கள். அதனால் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் கல்லூரிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். பெரம்பலூருக்கு இன்னும் ரயில் கிடையாது, பஸ்தான். அங்கே இறங்கி அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ் என்று மூன்று மணி நேரம். கண்ணாடிக் கட்டடம். வாசலில் செக்யூரிட்டி, "அட்மிஷனா சார்?" என்றார். பல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் அறுபதை நெருங்கிய ஆளைப் பார்த்து அவர் "பல் வலியா?" என்று கேட்கவில்லை. அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே வரிசையாகப் பச்சை நாற்காலிகள், பல பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல். காலை பதினோரு மணிக்கு ஓ.பி.யில் நான் எண்ணிய நோயாளிகள் மூன்று பேர். அதில் ஒருவர் பக்கத்து டீக்கடைக்காரர். பால் பாக்கிக்காக வந்திருந்தார்.

இரண்டாவது கல்லூரி இன்னும் தொலைவு. அரியலூரில் ராத்திரி ரயிலேறிப் போக வேண்டும். பழைய கட்டடம், சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆனால் வராந்தா வரைக்கும் ஜனம். கிராம்புத் தைல வாடை. ஒரு கிழவர் பஞ்சைக் கடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு, "தாத்தா, ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, எச்சி துப்பக் கூடாது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும். மகள் அதைத்தான் எடுத்தாள். தூரம் என்று அவள் அம்மா இன்றைக்கும் குறை சொல்கிறாள், இருக்கட்டும்.

என் மகள் தப்பிவிட்டாள் என்றால் எதற்கு இந்த மடல் என்று கேட்பீர்கள்.

அந்தக் கண்ணாடிக் கல்லூரியை எனக்கு முன்பே என் தாயார் பார்த்திருக்கிறார். அது அந்தக் கல்லூரிதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. கலந்தாய்வுக்கு மூன்று மாதம் முன்பு, ஒரு விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் ஊருக்கு வேன் வந்தது. "இலவசப் பல் முகாம்" என்றார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், இரண்டு மூன்று கிழவிகள் என்று இருபது பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இருட்டிய பிறகு கொண்டுவந்து விட்டார்கள். தலைக்கு 200 ரூபாய், ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலம், ஒரு டூத் பிரஷ். அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. வாயில் மிச்சம் இருந்தவை நாலு பல்.

ஊருக்கு வந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சும்மா ஒக்கார வச்சாங்கடா தம்பி. சூட்டு கோட்டு போட்ட நாலு பேரு வந்தாங்க. ஒரு பய வாயத் தொறன்னான், நாலையும் எண்ணுனான், போயிட்டான். மத்தியானம் வேற மாடியில கொண்டுபோய் ஒக்கார வச்சாங்க. அங்கயும் அதே நாலு பேருதான் வந்தாங்க."

கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்து நான் பேச்சுவாக்கில் அதன் பெயரைச் சொன்னபோது, அம்மா சுருக்குப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ஓ.பி. அட்டை. வரிசை எண், முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தது. வயது என்ற இடத்தில் 45. பிரிவு என்ற இடத்தில் இருந்ததை எங்கள் ஊர் மருந்துக்கடைத் தம்பிதான் படித்துச் சொன்னார்: கோணல் பல்லுக்குக் கம்பி கட்டும் பிரிவு.

நாலு பல். எண்பது வயது. கம்பி கட்டும் பிரிவு.

சிரித்துவிட்டோம், பொய் சொல்லவில்லை. அப்புறம் அந்த அட்டையை நகல் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். ஒரு வருஷம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. மேற்படி கல்லூரியில் ஆய்வு நடத்தப்பட்டதாம், போதிய எண்ணிக்கையில் நோயாளிகள் வருவது கண்டறியப்பட்டதாம், மனு முடித்துவைக்கப்படுகிறதாம். அந்தப் போதிய எண்ணிக்கையில் ஒன்று என் தாயார். இரண்டு மாடியிலும் உட்கார்ந்ததால் இரண்டாகவும் இருக்கலாம்.

ஆய்வு என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். முப்பது வருஷம் ஆய்வுக்கு உள்ளானவன் நான். பறக்கும் படை சொல்லிவிட்டு வராது. சாக்கைக் கொட்டி எடை போடுவார்கள். சீனி நாலு கிலோ குறைந்தால் அபராதம், அதே இடத்தில் கையெழுத்து. எலி தின்றது என்றால் எலியைக் கொண்டுவா என்பார்கள். கைரேகை வைத்தால்தான் பொருள் என்பது 2020இல் எங்கள் கடைகளுக்கும் வந்தது. களை வெட்டித் தேய்ந்த விரல்கள், மெஷினில் விழாது. என் அம்மாவின் ரேகையும் விழாது. துணியில் துடைத்து, எண்ணெய் தடவி, ஒன்பதாவது தடவை விழும். என் சொந்தத் தாய் என்று தெரிந்தும் ரேகை விழும்வரை நான் அரிசி அளந்ததில்லை. விலையில்லா அரிசிக்கு அவர் அவர்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. உங்கள் கல்லூரியில் 45 வயது நோயாளியாக இருப்பதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

'அந்த ஆய்வெல்லாம் டெல்லிக்காரர்கள் செய்வது' என்று நேரில் வந்தபோது சொன்னீர்கள். சரி. டெல்லி லட்சணமும் பேப்பரில் வருகிறது. மருத்துவக் கல்லூரி ஆய்வுகள் பற்றி 2025இல் சி.பி.ஐ. போட்ட வழக்கில், போலி நோயாளிகள், பெயருக்கு மட்டும் இருக்கும் பேராசிரியர்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டு இருந்ததைப் படித்தேன். ஆனால் அந்தக் கல்லூரிக்கு எங்கள் பிள்ளைகளை அனுப்புவது டெல்லி அல்ல. கட்டணத்தைக் கட்டுவதும் டெல்லி அல்ல. செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் சரக்கைப் பார்க்க மாட்டாராம்!

என் மகள் வேண்டாமென்று விட்ட இடம் அடுத்த சுற்றில் பெரம்பலூர் மாவட்டம் வேப்பூர் பக்கத்துப் பெண்ணுக்குப் போனது. அவள் அப்பா எனக்குப் பழக்கம். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். நான் பார்த்ததைச் சொன்னேன். "அண்ணே, குழுமூர்ப் புள்ளைக்கு ஒரு சீட்டு கெடச்சிருந்தா எந்தக் காலேஜுன்னு கேட்டிருக்குமா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. குழுமூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். பன்னிரண்டாம் வகுப்பில் 1,176 மார்க் எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காமல் உயிரை விட்ட அனிதாவை 2017இல் இழந்த மண் இது. அரியலூரில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் வைத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இடம் கிடைப்பதே சாமி வரம். வரத்தைப் புரட்டிப் பார்க்க எங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் சிலர் கட்டடம் கட்டுகிறார்கள்.

இப்போது அந்தப் பெண் மூன்றாம் ஆண்டு. நோயாளியைத் தொட்டுப் படிக்க வேண்டிய ஆண்டு. இத்தனை பல் பிடுங்க வேண்டும், இத்தனை சொத்தை அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் கட்ட வேண்டும் என்று கோட்டா இருக்கிறது. ரெக்கார்டில் கையெழுத்து விழாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. பிடுங்க வாய் வேண்டுமே! போன மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் செய்தாள். "பெரியப்பா, ஒங்க ஊர்ல பல்லு ஆடுதுன்னு யாராச்சும் இருந்தா சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போறேன், சாப்பாடும் வாங்கித் தர்றேன்." கூடப் படிக்கும் பிள்ளைகளில் வசதியானவர்கள் ஆள் பிடிக்கத் தரகருக்குப் பணம் கொடுக்கிறார்களாம். இவள் ஸ்காலர்ஷிப் பணத்தில் ஆட்டோ வாடகை கொடுக்கிறாள்.

மனுவால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. ஜெயங்கொண்டம் தாண்டினால் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013இல் எடுத்துக்கொண்ட பிறகும் அங்கே கட்டணம் லட்சக்கணக்கில்தான் இருந்தது. மாணவர்கள் ஐம்பது நாளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். 2021இல்தான் பல் மருத்துவத்துக்கு ஆண்டுக்கு 11,610 ரூபாய் என்று மற்ற அரசுக் கல்லூரிக்குச் சமமாக இறங்கியது. மனுவுக்கு அசையாத கோப்பு உட்கார்ந்தால்தான் அசையும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நானா?

என்ன வேண்டும் என்று கேட்பீர்களானால், எனக்குத் திட்டம் போடத் தெரியாது. அடுத்த கலந்தாய்வில் கல்லூரியின் பெயருக்குப் பக்கத்தில், போன மாதம் அங்கே உண்மையாக எத்தனை வாய் திறந்தது என்று ஒரு எண் போடுங்கள். எங்கள் கடையில் மூலையில் கிடக்கும் பழைய கைரேகை மெஷின் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, சொல்லாமல், சைரன் வைத்த கார் இல்லாமல் போய் நில்லுங்கள். செக்யூரிட்டி "அட்மிஷனா சார்?" என்று கேட்கிறாரா பாருங்கள்.

அம்மா போன மாசியில் காலமாகிவிட்டார். அவரை இனி ஏற்றிப்போக முடியாது.

அந்தப் பெண்ணுக்குப் பரீட்சைக்குள் இன்னும் பதினோரு பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கோ உங்கள் அலுவலகத்தில் யாருக்காவதோ ஆடும் பல் இருந்தால் தெரிவியுங்கள். ஆட்டோ வாடகை அவள் கொடுத்துவிடுவாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேஷன் கடை விற்பனையாளர்,
செந்துறை வட்டாரம், அரியலூர் மாவட்டம்.