'வயசு மறதி' என்று விட்டுவிடலாமா?

"தாத்தாவுக்கு வயசாச்சு, மறதி!" கிளியனூரிலும் இதே பேச்சுதான்.

சாவியை வைத்த இடம் மறந்தால் வயசு. நாற்பது வருஷம் நடந்த தெருவிலே சொந்த வீடு தெரியாமல் நின்றால் அது நோயாக இருக்கலாம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்கிறது 2023-ல் வெளியான ஆய்வு.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அப்போதே "இன்று என்ன கிழமை? இது எந்த ஊர்?" என்று நாலு கேள்வி கேட்டு, பதிலை செல்போனில் பதிந்தால் என்ன? போன் நோயைத் தீர்க்காது. ஆனால் காலத்தோடு டாக்டரிடம் அனுப்பும்.

அதுவரை? மாத்திரை நேரத்துக்கு போனில் அலாரம் வையுங்கள். பெரியவரின் சட்டைப் பையில் உங்கள் நம்பரை எழுதி வையுங்கள். முதியோர் உதவிக்கு 14567.

அவர் மறக்கலாம். நாம் மறக்கலாமா?