நத்தையைத் தின்ன வந்த புழுவும் கணக்கில் வராத செலவும்

தட்டைப்புழு என்றதும் எல்லோருக்கும் வயிற்றில் இருக்கும் நாடாப்புழுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் யாரையும் ஒட்டாமல், தானே வேட்டையாடிப் பிழைக்கும் தட்டைப்புழுக்களும் உண்டு. அதில் ஒன்று நியூகினித் தட்டைப்புழு.

சுமார் 5 சென்டிமீட்டர் நீளம், கறுத்த முதுகு, நடுவே வெளிறிய ஒரு கோடு. வாய் தலையில் இல்லை, வயிற்றுப் பக்கத்தில்! நத்தை விட்டுப்போன பிசுபிசுப்பான தடத்தைப் பிடித்தே பின்னால் போகும். அகப்பட்டதும் வயிற்றிலிருந்து ஒரு வெள்ளைக் குழாயை நீட்டி ஓட்டுக்குள் இருப்பதை உறிஞ்சிவிடும். பெரிய நத்தை என்றால் பல புழுக்கள் கூட்டு சேரும். மரமும் ஏறும்.

கூலி கேட்காத இந்த வேலையாளைப் பார்த்ததும் சிலருக்கு ஆசை வந்தது. பயிர்களை மேய்ந்து தீர்த்த ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க, 1981ல் பிலிப்பைன்ஸின் பக்சுக் தீவிலும், பின்னர் மாலத்தீவிலும் வேண்டுமென்றே இறக்கிவிட்டார்கள். பெருநத்தை குறைந்தது உண்மைதான். மருந்து இல்லை, விஷம் இல்லை, "இயற்கை முறை"!

வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தைக் கிழித்துப்போட்டால் எந்தக் கடையும் லாபத்தில்தான் ஓடும். செலவு எங்கே? ஜப்பானின் ஒகசவாராவில் பாருங்கள். அங்கே சிச்சிஜிமா தீவில் இந்தப் புழு யாரும் கூப்பிடாமலே நுழைந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத நத்தைகள் அந்தத் தீவின் பெரும்பகுதியில் காணாமல் போயின. 2013ல் பிரான்சின் கான் நகரத் தாவரவியல் பூங்காக் கண்ணாடிக் கூடத்திலும் இதே புழு அகப்பட்டது. செடித்தொட்டி மண் ஒன்று போதும், ஊர் விட்டு ஊர் போய்விடும்.

"பெருநத்தை தீர்ந்தால் புழுவும் பட்டினியில் சாகுமே?" என்று கேட்கலாம். சாகாது. நத்தை இல்லாவிட்டால் மண்புழு. இந்த நத்தை பயிருக்கு எதிரி, அந்த நத்தை காட்டின் சொத்து என்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது?

இது எங்கோ தீவுகளில் நடந்த கதை என்று ஒதுக்க முடியாது. அதே பெருநத்தை கேரளத்தில் வாழையையும் பப்பாளியையும் தின்றுகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலை. அங்கு மட்டுமே வாழும் நத்தைகள் எத்தனையோ! நாளைக்கே யாராவது "ஒரு புழு போதும், செலவே இல்லை" என்று வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பிடிப்பது யார்? பதில் இல்லையென்றால், கையால் நத்தை பொறுக்குவதே மலிவு.