விசைப்பலகையும் நெடுங்கணக்கும்

மடிக்கணினி வாங்கும் தமிழர் அதன் விசைப்பலகையைத் தம்முடையதென எண்ணுவதில்லை. விசைகளின்மேல் ஆங்கில எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவில் அமைதியடைந்துவிடுகிறோம். தமிழெழுத வேண்டிய வேளை வந்தால் அவ்வாங்கில எழுத்துக்களைத் தட்டியே தமிழொலியைத் தேடுகிறோம். இப்பழக்கம் நம் பிள்ளைகளின் எழுத்தறிவைச் சிறிது சிறிதாக அரித்து வருகின்றது என்பது என் துணிபு. முப்பதாண்டுக்கு அணித்தாகத் தமிழ் கற்பித்து வருபவன் என்னும் உரிமையால் இதனைக் கூறுகிறேன். பொறியைப் பற்றிப் பேசப் பண்டிதனுக்கு என்ன வேலை என்று வினவுவார்க்கு ஒன்று சொல்லலாம்: இக்காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர்.

ஸ்பானிய மொழியாளர் இவ்விடயத்தில் நடந்துகொண்ட வகை அறியத்தக்கது. அவர்தம் நெடுங்கணக்கில் நமது ஞகரத்தை ஒத்த ஒலியுடைய ஓரெழுத்து உண்டு. உரோம எழுத்தாகிய 'என்' என்பதன் தலையில் ஒரு சிறு அலைக்கோடு இட்டு அதனை எழுதுவர். பண்டைக்காலத்து ஏடெழுதுவோர் அவ்வெழுத்து இரட்டித்து வருமிடத்து, இடஞ்சுருக்கும் பொருட்டு ஒன்றை மற்றொன்றின்மேல் ஏற்றி எழுதினர். அங்ஙனம் பிறந்ததே அக்கோடு. ஸ்பானிய மடிக்கணினியில் 'எல்' விசைக்கு வலப்பக்கத்தே இவ்வெழுத்துக்கெனத் தனிவிசை அமைந்திருக்கிறது. உயிரெழுத்தின் மேலிடும் அழுத்தக் குறிக்கு வேறொரு விசை. அதனை முன்னே அழுத்திப் பின் உயிரெழுத்தை அழுத்த, இரண்டும் ஒன்றாய் வந்து அமையும். வினாவாக்கியத்தின் தொடக்கத்தில் அவர்கள் இடுகின்ற தலைகீழ் வினாக்குறிக்கும் இடமுண்டு.

இவ்விசை போராடிக் காத்த விசையாகும். ஞகரமில்லாத கணினிகளின் விற்பனையைத் தடுக்கும் ஸ்பானிய விதிகள் தடையற்ற வணிகத்துக்கு மாறானவை என்று 1991 ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சமூகம் கூறிற்று. எழுத்தாளரும் அறிஞரும் கிளர்ந்தெழுந்தனர். 1993 ஆம் ஆண்டில் ஸ்பானிய அரசு, பண்பாட்டுக் காப்பு என்னும் உரிமையைக் காட்டி, விசைப்பலகையில் அவ்வெழுத்து இருந்தே தீரவேண்டும் என்று ஆணை பிறப்பித்தது. ஓரெழுத்துக்கு இத்துணை ஆரவாரமா எனில், அவர்கள் மொழியில் 'ஆண்டு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து அந்தச் சிறு கோட்டை நீக்கினால், அவையிற் சொல்லத்தகாத உடலுறுப்பொன்றின் பெயர் எஞ்சும் என்பதை அறிந்தோர் நகையார்.

நம் பக்கத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா என்பார் 247 எழுத்துக்களை ஒரு தட்டச்சுப் பொறியுள் அடக்கினார். அவர் கண்ட உத்தி 'நகரா விசை' என்பது. புள்ளிக்குரிய விசையை அழுத்தினால் உருளை நகராது நிற்கும்; பின்னர் மெய்யெழுத்தை அழுத்த, அது புள்ளியின்கீழே வந்து பொருந்தும். ஸ்பானியரின் அழுத்தக் குறியும் இதே உறவினது. இலங்கையில் தரமாகக் கொள்ளப்பட்ட இரங்கநாதன் விசைப்பலகை அத்தட்டச்சுப் பொறியின் வழியைத் தழுவியது. கந்தோர்களிலே ஆண்டுக்கணக்காகத் தட்டெழுதி விரல் பழகியவர்களுக்கு அது நல்ல துணை. அவர்களைக் கலைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆயினும், கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு எது ஏற்றது என்பதே என் கேள்வி. தட்டச்சுப் பொறி எழுத்தின் வடிவத்தைப் பின்பற்றுவது. 'கொ' என்று எழுத முதலிற் கொம்பு, அடுத்துக் ககரம், இறுதியில் அரவு என மூன்று துண்டுகளைக் கண்ணிற்படும் ஒழுங்கில் அடுக்கவேண்டும். ககர மெய்யும் ஒகர உயிரும் புணர்ந்து பிறந்ததே கொகரம் என்று நாம் வகுப்பிற் சொல்லுகிறோம். பொறி வேறொன்றைச் சொல்லுகிறது.

1999 ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டுத் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை இலக்கணத்தின் வழியே செல்லுகிறது. பன்னீருயிர், பதினெண்மெய், ஒரு புள்ளி ஆக 31 விசைகளே போதும். ஆய்தமும் வடவெழுத்துக்களும் மேல்மாற்று விசையின்கண் உள்ளன. உயிர்கள் இடக்கைக்கு; மெய்களிற் பெரும்பாலன வலக்கைக்கு. நடுவரிசையில் அ, இ, உ என்னும் குறில்கள் இருக்க, அவற்றின் நேர்மேலே ஆ, ஈ, ஊ என்னும் நெடில்கள் வீற்றிருக்கின்றன. வலக்கையின் விரல்கள் இயல்பாகத் தங்குமிடத்தே க, ப, ம, த, ந, ய. பண்டிதன் உள்ளங் குளிர்வது இதற்கும் மேலே. ஒரு மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதன்மேற் புள்ளி தானே ஏறும்: அ, ம, ம, ஆ என நான்கு விசைகளில் 'அம்மா' வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்து வரினும் அவ்வாறே. 'கொம்பு' என்பதற்கு க, ஒ, ம, ப, உ ஐந்தும் அமையும். புள்ளி வேண்டாவிடத்து இடையே அகரத்தை அழுத்தவேண்டும். மெய்ம்மயக்கம் என்று நன்னூல் வகுப்பிலே நாம் மூச்சுவாங்கக் கற்பிப்பதை விரலே கற்றுக்கொள்ளுகிறது!

இனி, ஆங்கில எழுத்தால் தமிழெழுதும் முறை. விரைவானது, எளிது என்பர். ஆங்கிலத்தில் உள்ள ஒரே 'எல்' எழுத்தைத் தட்டும் பிள்ளைக்குத் திரை ல, ள, ழ என்று சில சொற்களை நீட்டுகிறது. முதலில் நிற்பதைப் பிள்ளை தொட்டுவிடுகிறான். பள்ளிக்குப் போனேன் என்பது பல்லிக்குப் போனேன் என்றாகிறது. பள்ளி என்றவுடன் பள்ளிவாசலை நினைக்கும் நம் அயலூரார் இதனைப் படித்தால் என்ன நினைப்பார்கள்! ன, ண, ந ஆகிய மூன்றின் கதியும் இதுவே. பேச்சில் இவ்வேறுபாடுகள் மங்கிவரும் காலத்தில் அவற்றைக் காத்துநிற்பது எழுத்து ஒன்றே. எழுதுங்கைக்கும் அவ்வெழுத்துக்குமிடையே பிறமொழி நெடுங்கணக்கு ஒன்று திரையாக வந்து விழுமாயின், பிள்ளை தன் மொழியைப் பிறர்மொழி வழியாக நினைவுகூரப் பழகுவான். கையால் எழுதும் வழக்கமே அருகிவரும் நாளில் இது சிறு தீங்கன்று.

சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் உள்ள முஸ்லிம் ஆசிரிய நண்பர்கள் ஒரு தடை எழுப்புவதுண்டு. ஹ, ஜ, ஸ, ஷ ஆகியன இன்றித் தம் பிள்ளைகளின் பெயர்களை எழுதமுடியாதே, அவற்றை மேல்மாற்றில் ஒதுக்கலாமா என்பர். அது நியாயமான குறையே. ஆனால் ஒரு பெயருக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு விசை. நாள்முழுதும் எழுதும் தமிழுக்கு எத்தனையோ விசைகள் மிச்சம். மேலும் அவர்தம் முன்னோர் அரபெழுத்தில் தமிழை எழுதியபோது, அரபியில் இல்லாத பகரம், டகரம் போன்றவற்றுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புத்தெழுத்துக்கள் செய்துகொண்டனர். மொழிக்கேற்பக் கருவியைத் திருத்தினரேயன்றிக் கருவிக்கேற்ப மொழியைக் குறைத்தாரல்லர். அரபுத்தமிழ் வளர்த்தோரின் மரபினர்க்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஸ்பானிய அரசைப்போல் ஆணை பிறப்பிக்க நமக்கு ஆற்றலில்லை என்று சிலர் கைவிரிப்பர். தமிழ்மொழிமூலப் பள்ளிக்கூடங்களுக்கு வழங்கும் கணினிகளில் தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கவேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. அது வருமளவும் காத்திருத்தல் வேண்டா. 2019 ஆம் ஆண்டு முதல் விண்டோஸ் 10 இல் தமிழ்99 உள்ளமைந்தே வருகிறது. மொழி அமைப்பிற் சேர்த்துக்கொண்டால், விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் ஒருங்கழுத்த ஆங்கிலம் தமிழாக மாறும். எழுத்தச்சிட்ட ஒட்டுத்தாளை விசைகளின்மேல் ஒட்டுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். ஆறாம் வகுப்பில் எழுத்திலக்கணம் தொடங்கும் அதே தவணையில், தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஓரறையில் நின்று இதனைக் கற்பிக்கட்டும். அங்ஙனம் கற்ற பிள்ளையிடம் 'கிழமை' என்று எழுதச் சொல்லுங்கள். வலக்கையின் சிறுவிரல் கீழ்வரிசைக் கோடிக்கு இறங்கி ழகரத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள்.