லாரி டாக்டருங்களும் முன்னூறு ரூபாய் டப்பாவும்

முன்னூறு ரூபாய்க்கு ஒரு நீல டப்பா வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிட்டா போதுமாம். போன்ல ஒரு ஆப் போட்டா லாரியே வாயைத் திறந்து தனக்கு என்ன நோவுன்னு சொல்லிடுமாம். வீடியோ போடுற புண்ணியவான்கள் சொல்றாங்க. அவங்க செருகிக் காட்டுறது என்னவோ சொந்தக் கார்ல. தலைப்புல மட்டும் 'கார், லாரி, பஸ் எல்லாத்துக்கும்'. அடப்பாவிகளா, லாரியை என்ன பெருசா வளர்ந்த கார்னு நினைச்சீங்களா?

லாரிப் பக்கமே போகாத நான் ஏன் இதுக்குக் குதிக்கிறேன்னு கேப்பீங்க. எங்க மச்சான் நாமக்கல் பக்கம் ரெண்டு லாரி ஓட்டுறார். பாதி நாள் சாப்பாட்டுப் பேச்சே இதுதான். கேட்டுக் கேட்டு காது புளிச்சதில் கொஞ்சம் படிச்சும் வச்சிருக்கேன்.

முதல்ல கரண்ட். டாட்டா ஏஸ் மாதிரி குட்டியானைக்கு 12 வோல்ட். பெரிய லாரிக்கு 24. எஞ்சின் ஓடும்போது 28 வரைக்கும் போகும். சாக்கெட்டோட 16-வது பின்னில் அது அப்படியே டப்பாவுக்குள்ள வருது. அதனால்தான் பதினாறு துளை சாக்கெட்டிலேயே ஏ, பி என்று ரெண்டு ரகம் வச்சிருக்காங்க. 24 வோல்ட்டுக்கான பி ரகத்தில் நடுப்பள்ளம் முழுசா ஓடாது, இடையில் தடுத்திருக்கும். 12 வோல்ட் பிளக் உள்ளே போகக் கூடாதுங்கிறதுக்காகவே அப்படி. நம்மாளுங்க என்ன பண்றாங்க? பிளேடால பிளக்கைச் சீவி உள்ளே தள்ளுறாங்க. அதுக்கும் ஒரு வீடியோ இருக்கு. என்னத்தைச் சொல்ல!

அந்த டப்பாவோட ஜாதகத்தையும் பாருங்க. உள்ளே இருக்கிற சிப்புக்கு ஈஎல்எம்327னு பேர். எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்கிற கனடா கம்பெனி செஞ்சது. முதல் பதிப்பில் காப்பிப் பூட்டு போடாம விட்டாங்க. அவ்வளவுதான், ஊர் உலகமெல்லாம் நகல். சந்தையில் அதிகம் விக்கிற '1.5' பதிப்பை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை! இல்லாத பதிப்புக்கு ஸ்டிக்கர் ஒட்டி வித்துக்கிட்டு இருக்கான். ஒரிஜினல் கம்பெனி 2022-ல் கடையைச் சாத்திட்டுப் போயிடுச்சு, நகல் மட்டும் அமோகமா வாழுது.

சரி, அசல் விஷயத்துக்கு வரேன். கார் பேசுற கோடு வேற, கனரக லாரி பேசுற கோடு வேற. காரில் 'பி'யில் ஆரம்பிக்கிற ஒரே நம்பர். லாரிகளில் ஜே1939 என்கிற முறையில் ரெண்டு நம்பர் வரும். எஸ்.பி.என். என்பது எந்த இடம்னு சொல்லும். எஃப்.எம்.ஐ. என்பது அந்த இடத்துக்கு என்ன கேடுன்னு சொல்லும். கூடவே எத்தனை தடவை வந்ததுங்கிற கணக்கும் வரும். இதில் எஃப்.எம்.ஐ.யைக் காட்டாத ஆப்பு ஆப்பே இல்லை, ஆப்புதான்!

ஏன் இவ்வளவு கத்துறேன்னா, எஸ்.பி.என். 110 என்பது எஞ்சின் தண்ணி சூடு. அதோட எஃப்.எம்.ஐ. 0 வந்தா சூடு நிஜமாவே எக்கச்சக்கமா ஏறியிருக்கு. அதே 110-ஓட 3 வந்தா சென்சார் வோல்டேஜ் தாறுமாறா மேலே நிக்குதுன்னு அர்த்தம். சென்சார் வயர் அறுந்தாலே அப்படித்தான் நிக்கும். எஞ்சின் ஜில்லுனு இருந்தாலும் நிக்கும்.

மச்சானோட ஒரு லாரிக்கு கிருஷ்ணகிரி தாண்டி லைட் எரிஞ்சுது. பார்த்த ஒர்க்‌ஷாப்காரர் டப்பாவைச் செருகி, "டெம்பரேச்சர் ப்ராப்ளம், டிரைவர் தண்ணி பார்க்கலை"ன்னு தீர்ப்பு சொல்லிட்டார். டிரைவர் அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னார், "தண்ணி ஊத்திட்டுத்தானுங்க எடுத்தேன்"னு. யார் கேக்குறாங்க? மூணு டிரிப் பேட்டாவில் பிடிச்சாங்க. அப்புறம் வேற ஒருத்தர் லாரிக்கான ஸ்கேனர் போட்டுப் பார்த்தா 110, 3. கிளாம்பில் உரசி உரசி வயர் அறுந்து கிடக்கு. அதுக்குள்ள அந்த அண்ணன் வேற லாரிக்குப் போயிட்டார். மச்சான்கிட்ட 'பிடிச்ச காசைத் திருப்பிக் குடுத்தீங்களா'ன்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டார்.

அதனாலதான் சொல்றேன், இந்தக் கருவி ஓனர் வீட்டு பீரோவில் இருக்கக் கூடாது. டிரைவர் கையில் இருக்கணும். லைட் எரிஞ்ச அந்த நிமிஷமே ரெண்டு நம்பரையும் போட்டோ எடுத்து அனுப்பினா மறுநாள் எவனும் கதை கட்ட முடியாது. "டிரைவர்கிட்ட குடுத்தா கோடை அழிச்சிடுவான்"னு ஓனர் சங்கத்து ஆளுங்க சொல்றாங்க. அழிக்கிறது யாருங்க? ரிப்பேர் பண்ணாம அழிச்சு விட்டு பில் போடுற ஒர்க்‌ஷாப்புகளை விட்டுட்டு, ராத்திரி ரோட்டோரம் நிக்கிறவனைச் சந்தேகப்படுறது என்ன நியாயம்? கோடை அழிச்சா அது பதிவான நேரத்தில் எஞ்சின் வேகம், சூடு எவ்வளவு இருந்துச்சுங்கிற பதிவும் சேர்ந்து போயிடும். அது டிரைவருக்கு இருக்கிற ஒரே சாட்சி. அதை அவரே ஏன் அழிக்கப் போறார்? அவ்வளவு பயம்னா படிக்க மட்டும் தெரிஞ்ச, அழிக்கத் தெரியாத கருவியா வாங்கிக் குடுங்க.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு இது இன்னும் முக்கியம். யூரியாத் தண்ணி, புகை வடிகட்டின்னு ஆயிரம் சமாச்சாரம். ஏதோ ஒண்ணு சரியில்லைன்னா எஞ்சின் தானே இழுவையைக் குறைச்சுக்கும், லோடோட மேட்டில் திணறும். வடிகட்டியில் சேர்ந்த கரியை நிறுத்தி வச்சு எரிக்கிறதுக்கு எஞ்சினுக்கு உத்தரவு போடத் தெரிஞ்ச கருவி வேணும், முன்னூறு ரூபாய் டப்பாவால் ஆகாது. யூரியா சிஸ்டத்தையே ஏமாத்துற பெட்டி மாட்டித் தரேன்னு வர்றவனை வாசலோட அனுப்பிடுங்க. அந்தப் புகை நம்ம பிள்ளைங்க மூக்குக்குத்தான் போகுது.

கம்பெனிக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. முக்கியமான கோடுகளைத் தங்கள் சாஃப்ட்வேருக்குள்ள பூட்டி வச்சா ரோட்டோர மெக்கானிக் என்ன பண்ணுவார்? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ்காரங்க 2012-லேயே ஓட்டுப் போட்டு வண்டி ரிப்பேர் உரிமையைச் சட்டமாக்கிட்டாங்க. இங்கே 2022 ஜூலையில் நுகர்வோர் துறை ஒரு கமிட்டி போட்டுச்சு, மோட்டார் வாகனமும் அதில் உண்டு. டிசம்பரில் போர்ட்டலும் திறந்தாங்க. போர்ட்டலில் கஸ்டமர் கேர் நம்பர் கிடைக்குது, சந்தோஷம். நடுராத்திரி தொப்பூர் கணவாயில் அதை வச்சு என்ன பண்றது?

பெரிய ஸ்கேனர் தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாதுதான். பத்து ஓனர் சேர்ந்தா ஒண்ணு வாங்கலாம். டிரைவருக்கு மட்டும் ஆளுக்கொரு சின்ன ரீடர். கடைக்குப் போனா டப்பா மேல 24 வோல்ட்டுன்னு அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. ஐபோன்காரரா இருந்தா சாதா ப்ளூடூத் டப்பா ஒத்துவராது, அதையும் கேட்டுக்கோங்க. அப்புறம் கடைக்காரர்கிட்ட, "110-ஓட 3-ம் சேர்த்துக் காட்டுமா?"ன்னு ஒரு வார்த்தை. முழிச்சார்னா அடுத்த கடை.